பழைய தோணிக்குப் பாய் கட்டுவதா, கொள்கலனில் அனுப்புவதா? தருமபுரி, கிருஷ்ணகிரிச் சரக்குக்கான ஒப்பீடு

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ், அஞ்செட்டிப் புளி, சித்தேரி மலைச் சாமை, தேன்கனிக்கோட்டை ராகி, கருங்கல் பலகை. கடலே இல்லாத இரண்டு மாவட்டங்களில் விளைந்தும் வெட்டியும் எடுக்கிற இந்தச் சரக்கெல்லாம் கடல் தாண்டிப் போகக்கூடியவை. வாங்குகிறவர்கள் இப்போது விலையோடு சேர்த்துக் கரிக்கணக்கும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு டன் சரக்கு தோட்டத்திலிருந்து அவர்கள் கிடங்குக்கு வந்து சேர எவ்வளவு புகை என்பதுதான் கேள்வி. அதற்குப் பதிலாக எழும் யோசனைகளில் மனதை இழுப்பது ஒன்று: தூத்துக்குடிக் கரையில் ஓய்ந்து கிடக்கும் பழைய மரத்தோணி ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, மறுபடி பாய்மரம் நட்டு, காற்றிலேயே மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் சரக்கு அனுப்புவது.

நல்ல யோசனைதான். ஆனால் எல்லாச் சரக்குக்கும் நல்லதல்ல, எல்லாத் தோணிக்கும் நல்லதல்ல. ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, சிறு ஏற்றுமதியாளர் குழுவோ பணம் போடுவதற்கு முன் நான்கு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: பழைய தோணியைச் செப்பனிடுவது, புதிதாகக் கட்டுவது, ஓடிக்கொண்டிருக்கும் தோணிக்குப் பாய் மட்டும் சேர்ப்பது, வழக்கம்போல் சென்னை வழியாகக் கொள்கலனில் அனுப்புவது.

முதலில் லாரிக் கணக்கு

கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 255 கிலோமீட்டர். சேலம், மதுரை வழியாகத் தூத்துக்குடி சுமார் 490 கிலோமீட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு வெளியேறும். 20 டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், சென்னைக்கு டன்னுக்கு எட்டரைக் கிலோ, தூத்துக்குடிக்கு 16 கிலோவுக்குச் சற்று மேல். லாரி காலியாகத் திரும்பினால் அதையும் நம் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இனி கடல் வழி. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலேவுக்கு ஏறத்தாழ 400 கடல் மைல். 250 டன் ஏற்றும் ஒரு தோணி 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில், மணிக்கு 30 லிட்டர் டீசல் குடித்துக்கொண்டு போனால், மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 2,000 லிட்டர் செலவாகும். திரும்பி வரும்போது சரக்கு கிடைப்பது அரிது, காற்றும் எதிர்க்காற்று. ஆகவே போக வர 4,000 லிட்டர், டன்னுக்கு 43 கிலோ. நல்ல வாடைக்காற்றுக் காலத்தில் போகும் வழியில் பாய் 60 சதவீத டீசலை மிச்சம் பிடித்து, திரும்பும் வழியில் 10 சதவீதம் மிச்சம் பிடித்தால், மொத்தம் 1,400 லிட்டர். டன்னுக்கு 15 கிலோ.

அதாவது, பாய் கட்டி மிச்சப்படுத்தும் 15 கிலோவும் தூத்துக்குடி வரை லாரி விடும் 16 கிலோவும் ஏறக்குறைய ஒன்று. சென்னை வழியோடு ஒப்பிட்டால் லாரியில் கூடுதலாகப் போகும் 8 கிலோ, பாயின் மிச்சத்தில் பாதியை விழுங்கிவிடுகிறது. தோணிக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே தரைவழியைச் சரிசெய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

அதற்கு வழி இருக்கிறது. தூத்துக்குடி உப்பு லாரிகள் வடக்கே வந்து உப்பை இறக்கிவிட்டுத் திரும்புகின்றன. தெற்கே காலியாகவோ அரைகுறைச் சுமையிலோ போகும் லாரியில் நம் சரக்கை ஏற்றினால் தரைவழிக் கணக்கு பெருமளவு குறையும், வாடகையும் குறையும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். உப்பு ஏற்றிய தளத்தில் ஈரம் நிற்கும். உப்புத்தூள் காற்றின் ஈரத்தை இழுக்கும். கழுவி உலர்த்தி, தளத்திலும் பக்கங்களிலும் தார்ப்பாய் விரித்து, மேலே மரச்சட்டம் போட்டு அடுக்காவிட்டால் அடிமூட்டைப் புளி கசிந்து கறுத்துவிடும்.

கடலூர் இன்னொரு வாய்ப்பு. திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகச் சுமார் 215 கிலோமீட்டர்தான். யாழ்ப்பாணப் பக்கம், காங்கேசன்துறைக்கு அங்கிருந்து கடல் தூரமும் குறைவு. ஆனால் தோணித் தொழிலின் ஆட்கள், தரகர்கள், சரக்கு சேர்க்கும் பழக்கம் எல்லாம் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் இருக்கின்றன. இலங்கைச் சரக்கு மட்டுமே அனுப்புகிற குழு, கடலூரின் சுங்க வசதியையும் ஏற்றுகூலியையும் விசாரித்த பிறகு முடிவு செய்யலாம்.

எந்தச் சரக்கு, எந்த மாதம்

மே நடுவிலிருந்து ஏறத்தாழ ஆகஸ்ட் முடிய, தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில், தோணிகள் மாலத்தீவுக்குப் போவதில்லை; கட்டி நிற்கும். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் இராப்பகலாக ஓடுவது அந்த மாதங்களில்தான். கூழைப் பீப்பாயில் வைத்திருந்து செப்டம்பரில் அனுப்பலாம், கெடாது. ஆனால் அத்தனை மாதம் பணம் முடங்கும். அது போகட்டும், கூழின் அளவைப் பாருங்கள். ஒரு 20 அடிக் கொள்கலனில் 215 கிலோ பீப்பாய் 80 போகும், 17 டன். நடுத்தர ஆலை ஒன்று ஒரு பருவத்தில் அனுப்புவதே பல கொள்கலன். இத்தனை கனமான, கிலோவுக்கு விலை குறைந்த, ஐரோப்பாவுக்கும் அரபு நாடுகளுக்கும் போகிற சரக்கை மரத்தோணி சுமப்பது நடக்காத காரியம். மாங்கூழை இந்தத் திட்டத்திலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள்.

புளிக்குக் காலம் பொருந்துகிறது. மாசி, பங்குனியில் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்த புளி மார்ச், ஏப்ரலில் தயாராகும். தோணி ஓடும் காலத்தின் கடைசி இரண்டு மாதம். ஆனால் அப்போது காற்று மெலிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. ராகியும் சாமையும் கார்த்திகை முதல் தை வரை வருகின்றன. வாடை நன்றாக வீசும் டிசம்பர், ஜனவரிக்கு அவை நேராகப் பொருந்தும். சாமை அரிசியாகக் குத்தினால் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். ஆகவே கப்பலேறும் தேதிக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் குத்த வேண்டும்.

கருங்கல்லுக்கு ஓர் அருமையான இடம் உண்டு. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறோம்.

பழைய தோணியைச் செப்பனிடுவது

உலகில் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். டிரெஸ் ஹோம்ப்ரெஸ் என்ற கப்பலின் மர உடல் 1943இல் ஜெர்மனியில் போர்க்காலத் தேவைக்குக் கட்டப்பட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த குழு ஒன்று 2007 முதல் 2009 வரை அதைச் செப்பனிட்டு, எந்திரமே இல்லாமல் கரீபியன் கடலிலிருந்து ரம், கோக்கோ, காப்பி ஏற்றி வரத் தொடங்கியது. 1920இல் கட்டிய அவொன்டூர் என்ற எஃகுக் கப்பலை 2014இல் வாங்கி ஜெர்மனியில் செப்பனிட்டார்கள். 1873இல் கட்டிய நோர்ட்லிஸ் கூடச் சரக்கு ஏற்றியிருக்கிறது.

இவை எப்படிப் பிழைத்தன என்று பார்த்தால் நமக்குப் பாடம் கிடைக்கும். டிரெஸ் ஹோம்ப்ரெஸ் ஏற்றுவது சுமார் 35 டன். மாங்கூழ்க் கணக்கில் இரண்டு கொள்கலன். அதை ஓட்டப் பயிற்சிக்கு வருவோரும் சேர்ந்து சுமார் 15 பேர். கிலோவுக்கு அதிக விலை கிடைக்கும் ரம்மும் கோக்கோவும், காற்றில் வந்த பொருள் என்று கூடுதல் விலை கொடுப்பவர்களும், பயிற்சிக்குப் பணம் கட்டுபவர்களும் இருப்பதால்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. நம்மிடம் இருப்பது புளியும் சாமையும்.

அதோடு, மேலே சொன்ன கப்பல்களைப் போலப் பழையதாக இருப்பதே ஒரு தகுதி என்று நினைத்துத் தோணி வாங்கக் கூடாது. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இவை.

தோணியைக் கரையேற்றி, அது சாயாமலிருக்க அடியில் வைத்த கனமான அடிபாரத்தை முழுக்க இறக்கி, அடிவயிற்றைக் கழுவிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இதற்கு விற்பவர் மறுத்தால் அங்கேயே திரும்பிவிடலாம். பிறகு ஏரா எனும் அடிமுதுகுக் கட்டையின் கீழ், முன்முனையான அணியத்திலிருந்து பின்கட்டை வரை ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, நடுவில் இடைவெளியை அளக்க வேண்டும். தோணியின் இரு முனைகளும் ஒடுங்கியவை. அங்கே நீர் தாங்குவது குறைவு. அகன்ற நடுப்பகுதியை நீர் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் வெறுமனே மிதந்த தோணியின் முதுகு வில்லாக வளைவது இதனால்தான். 30 மீட்டர்த் தோணியில் 5 சென்டிமீட்டர் வளைவு பொறுக்கத்தக்கது. 15 சென்டிமீட்டரைத் தாண்டினால் பலகைகளை மாற்றுவதால் சரியாகாது. ஏரா, உள் ஏரா, விலா எலும்பு போன்ற வங்குகள் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். அது செப்பனிடுவது அல்ல, பழைய பெயரில் புதுத்தோணி கட்டுவது.

அடுத்து அழுகல். உப்புநீரில் ஊறிய மரம் எளிதில் அழுகாது, மழைநீர்தான் எதிரி. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே மேல்தளம் பக்கப்பலகையைச் சந்திக்கும் ஓரம், உத்தரங்களின் முனைகள், வங்குகளின் தலை, அணியக்கட்டையின் உச்சி ஆகிய இடங்களில் கூரிய ஊசியால் குத்திப் பாருங்கள்; சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும், அழுகியது பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் 6 மில்லிமீட்டர்த் துளை போட்டு வரும் தூளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்: காய்ந்த சுருளாக வந்தால் நல்லது, ஈரமான கறுப்பு மாவாக வந்தால் அந்தக் கட்டை போயிற்று.

நீர்க்கோட்டுக்குக் கீழே கப்பற்புழு. வெளியே குண்டூசி நுழையும் துளைதான் தெரியும். உள்ளே விரல் பருமனுக்குக் குடைந்திருக்கும். பக்கத்துக்கு மூன்று நான்கு இடங்களில் ஆணியைப் பிடுங்கிப் பார்ப்பதும் கட்டாயம். இரும்பு ஆணி உப்புநீரில் துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக்கி மென்மையாக்கிவிடும். அந்த ஓட்டையில் புது ஆணி அடித்தால் பிடிக்காது. துருவைக் கண்டு சில இடங்களில் மட்டும் செம்பாணி அடிப்பவர்கள் உண்டு. கடல்நீரில் இரு உலோகம் அருகருகே இருந்தால் மிச்ச இரும்பு இன்னும் வேகமாகத் தேயும். மாற்றினால் ஒரு பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும்.

மரத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் நீளத் தோணியின் வெளியுடல் ஏறத்தாழ 315 சதுர மீட்டர். பலகை 6 சென்டிமீட்டர் கனமென்றால் மொத்தம் 19 கன மீட்டர், மரக்கடைக் கணக்கில் 670 கன அடி. மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டியிருந்தால் 222 கன அடி. வளைவுக்கு வெட்டுவதில் 40 சதவீதம் கழிவு போகும் என்பதால் 370 கன அடி வாங்க வேண்டும். இது வெளிப்பலகைக்கு மட்டும். வங்குக்கு இயற்கையாகவே வளைந்த கருவேலம், வாகை, வேம்பு தேவை. நேர்மரத்தை அறுத்து வளைவாக்கினால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, சுமை ஏறியதும் அங்கேயே பிளக்கும்.

வேலையில் தவறுகள் நேரும் இடங்கள் தெரிந்தவைதான், ஆனாலும் திரும்பத் திரும்ப நேர்கின்றன. பலகையை நீராவியில் வேகவைத்து வளைக்கும்போது 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் கணக்கு. 6 சென்டிமீட்டர்ப் பலகைக்கு இரண்டரை மணி நேரம். அவசரப்பட்டு எடுத்தால் வெடிக்கும். அடுத்தடுத்த வரிப் பலகைகளின் மூட்டுகள் ஒன்றுக்கொன்று குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கிட்டக்கிட்ட வந்தால் உடல் அங்கே பலவீனப்படும். பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் சுமார் 1,575 மீட்டர் இடுக்கு அடைக்க வேண்டியிருக்கும். அடைப்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. கரையில் மாதக்கணக்காக வெயிலில் கிடந்த தோணியின் பலகைகள் சுருங்கி இடுக்குகள் வாய்பிளந்திருக்கும். அந்த வாய் நிரம்பப் பஞ்சையும் கயிற்றுநாரையும் அடித்து இறுக்கிக் கலப்பற்றுச் செய்தால், தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதி இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளும், சில வேளை வங்கையே முறிக்கும். முதலில் ஈரச்சாக்கு போர்த்தி, இரண்டு மூன்று வாரம் உப்புநீர் தெளித்து மரத்தை ஊறவிட வேண்டும். பிறகு அளவாக அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும்.

ஒழுகலை நிறுத்த மேலே ஃபைபர் பூசிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊறி விரியும் பழைய மரத்தின் மேல் அந்தப் பூச்சு ஒட்டி நிற்காது. உள்ளே போன ஈரமும் வெளியேற முடியாமல் மரத்தை உள்ளிருந்து தின்னும்.

பாயும் பாரமும்

தோணியில் எந்திரம் ஏறியபோது பாய்மரம் நடும் பீடம், பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளின் இரும்புப் பட்டைகள், ஆழ்ந்த அடிபாரம் எல்லாம் கழன்றன. மறுபடி பாய் கட்டுவது என்றால் இவற்றைத் திரும்ப அமைக்க வேண்டும். பாய்மரம் கீழே தரும் அழுத்தத்தை ஒரே வங்கில் விடாமல், நான்கைந்து வங்குகளுக்குக் குறுக்கே போடும் கனத்த நெடுங்கட்டையின் மேல் பீடத்தை அமைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் பெருங்காற்றில் ஏராவை ஒட்டிய பலகையின் இடுக்கு திறந்துகொள்ளும்.

300 சதுர மீட்டர்ப் பாய்க்கு வினாடிக்கு 8 மீட்டர் காற்று பட்டால் ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சற்றுக் கூடுதலான உந்துவிசை கிடைக்கும். 6 நாட் வேகத்தில் அது 36 கிலோவாட். நீரைத் தள்ளித் தோணியை உந்தும் சுழலியின் திறன் பாதி என்று வைத்தால் எந்திரத்தில் 70 கிலோவாட் மிச்சம். மேலே சொன்ன 60 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பின்காற்றில் ஓடும் தோணி காற்றிலிருந்து தன் வேகத்தைக் கழித்துக்கொள்ளும். பாயில் 8 மீட்டர் பட வேண்டுமென்றால் கடலில் 21 நாட் காற்று வீச வேண்டும். அது 12 நாட்டாகக் குறைந்தால் பாயில் படுவது 3 மீட்டர்தான். உந்துவிசை ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். பங்குனி மாதப் புளிச் சரக்குக்கு எந்திரம் இல்லாத தோணி ஏன் ஆகாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இங்கே கருங்கல் வருகிறது. பாய் கட்டிய கப்பலுக்கு அடியில் கனம் வேண்டும். வெறும் கல்லையும் மணலையும் நிரப்புவதற்குப் பதிலாக, கிருஷ்ணகிரியில் அறுத்த கருங்கல் ஓரக்கற்களையும் பலகைகளையும் அடிபாரமாக ஏற்றலாம். மாலத்தீவு பவளத் தீவுக்கூட்டம்; கட்டுமானக் கல் வெளியிலிருந்துதான் போக வேண்டும். 40 டன் கல் 15 கன மீட்டருக்குள் அடங்கும். அதன்மேல் மரச்சட்டம் பரப்பி, மூங்கில் பாய் விரித்துச் சாமையும் புளியும் அடுக்கலாம். கூலி தரும் சரக்கே தோணியை நிமிர்த்தி வைக்கும். ஆனால் கற்கள் அசையவே கூடாது. பக்கங்களில் ஆப்பு அடித்து, மேலே குறுக்குக் கட்டை போட்டு வங்கோடு பிணைக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்த கல் தோணியைத் திரும்ப நிமிர விடாது. திரும்பும் வழிக்கு நிரந்தர அடிபாரம் தனியாக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கனம் அதிகமானாலும் கெடுதல். இதைக் கடிகாரத்தாலேயே சோதிக்கலாம். அமைதியான நீரில் தோணியை ஆட்டிவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய் மீண்டும் வரும் நேரத்தை எண்ணுங்கள். 8 மீட்டர் அகலத் தோணிக்கு 7 வினாடி என்றால் தோணி சாய்ந்து நிமிரும் வலுவைக் காட்டும் மெட்டாசென்டர் உயரம் ஏறத்தாழ 0.8 மீட்டர், நல்ல நிலை. நாலரை வினாடியில் வெடுக்கென்று திரும்பினால் 2 மீட்டர். கல் மிகக் கீழே குவிந்துவிட்டது, அந்த உதறலில் பாய்மரக் கயிறுகள் அறும். பன்னிரண்டு வினாடி சோம்பலாக ஆடினால் துறையை விட்டே புறப்படக் கூடாது.

முறையான சாய்வுச் சோதனை இதைவிடத் துல்லியம். 150 டன் எடையுள்ள தோணியில் 1 டன் எடையைக் குறுக்கே 4 மீட்டர் நகர்த்தி, 3 மீட்டர்க் குண்டுநூல் 10 சென்டிமீட்டர் விலகினால், 1ஐயும் 4ஐயும் 3ஐயும் பெருக்கி, 150ஐயும் 0.1ஐயும் பெருக்கியதால் வகுக்க 0.8 மீட்டர் வரும். செப்பனிட்ட பிறகு இதைச் செய்யாமல் பாய் விரிப்பது உயிரோடு விளையாடுவது. 1986 மே மாதம் பிரைட் ஆஃப் பால்டிமோர் என்ற பாய்மரக் கப்பல் திடீர்க் காற்றில் கவிழ்ந்து தலைவனையும் சேர்த்து நால்வர் இறந்தார்கள். 1916இல் கட்டி, பின்னாளில் சரக்கு ஏற்றிவந்த டி கலான் 2024 மே மாதம் பகாமாஸ் அருகே திடீர்க் காற்றில் மூழ்கி இருவரைப் பலிகொண்டது. வங்கக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் சித்திரை மாதக் கோடை இடியோடு வரும் காற்று அப்படிப்பட்டதுதான். சரக்கறையின் வாயை மூடி இறுக்காமல் பாய் விரிக்கக் கூடாது என்பது தோணித் தலைவனான தண்டலுக்கு எழுத்தில் தர வேண்டிய உத்தரவு.

மற்ற வழிகள்

புதிதாகக் கட்டுவதில் மரத்தின் தரம் கையில் இருக்கும், பாய்க்கு ஏற்ற வடிவமும் கிடைக்கும். பிரான்ஸில் கிரெய்ன் டி செயில் நிறுவனம் 2020இல் 24 மீட்டர்க் கப்பலில் 50 டன்னோடு தொடங்கி, 2024இல் 52 மீட்டரில் 350 டன் ஏற்றும் இரண்டாவது கப்பலை இறக்கியது. தன் சாக்லேட், காப்பித் தொழிலுக்குத் தானே சரக்கு ஏற்றியதால் முடிந்தது. மறுபக்கம், கோஸ்டாரிகாவில் 2019 ஜனவரியில் ஏரா வைத்த சீபா என்ற மரக்கப்பல் திட்டமிட்ட காலத்தைத் தாண்டி ஆண்டுகள் இழுத்தது. சொந்தமாக நிரம்பும் சரக்கும், தாமதத்தைத் தாங்கும் பணமும் இல்லாத குழுவுக்கு இந்த வழி வேண்டாம்.

கொள்கலன் வழியைக் குறைத்துப் பேசக் கூடாது. பெரிய கப்பலில் ஒரு டன்னுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 10 கிராம் என்று வைத்தாலும், சென்னையிலிருந்து சூயஸ் வழியாக ராட்டர்டாமுக்கு 130 கிலோவுக்கு மேல் ஆகும். தூரம்தான் காரணம், கிலோமீட்டர்க் கணக்கில் அது தோணியைவிடச் சிக்கனம். 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 5,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களின் புகைக்கு விலை வசூலிக்கிறது. அந்தச் செலவு சரக்குக் கட்டணத்தில் தனி வரியாக நமக்கும் வருகிறது. பெரிய கப்பலில் காற்றைச் சேர்க்கும் முயற்சியும் நடக்கிறது. 37.5 மீட்டர் உயரத்தில் காற்றைப் பிடிக்கும் சிறகுகள் பொருத்திய பிக்சிஸ் ஓஷன் 2023 ஆகஸ்டில் புறப்பட்டு, ஆறு மாத ஓட்டத்தில் நாளுக்குச் சராசரியாக 3 டன் எரிபொருளை மிச்சப்படுத்தியது. அதாவது நாளுக்கு 9 டன் கரியமில வாயு. நம் தோணி ஒரு முழு நடையில் மிச்சப்படுத்துவது 4 டன்னுக்கும் கீழே. மாங்கூழ் ஏற்றுமதியாளருக்குப் பயன்படும் வேலை, தம் கப்பல் நிறுவனத்திடம் கரிக்கணக்கை எழுத்தில் கேட்பதும், லாரியில் திரும்புசுமை பிடிப்பதும்தான். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு உள்நாட்டுக் கொள்கலன் முனையம் வரை 90 கிலோமீட்டர் லாரி, பிறகு சென்னைக்கு ரயில் என்ற வழியும் உண்டு. பின்னோக்கிப் போவதால் லாபம் சிறியது.

காப்பீட்டையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. உலகச் சரக்குக் காப்பீட்டில் வழக்கமாகச் சேர்க்கும் வகைப்பாட்டு நிபந்தனை, எஃகால் கட்டிய, வகைப்பாட்டுச் சான்று பெற்ற எந்திரக் கப்பலைத்தான் ஏற்கிறது. மரத்தோணிக்குத் தனி ஒப்புதல், தனிக் கட்டணம். கடிதம் கையில் வராமல் ஒரு மூட்டையும் ஏற்றாதீர்கள்.

எதைத் தேர்வது

மூன்றாவது வழிதான் நம் மாவட்டங்களுக்கு ஏற்றது என்பது எங்கள் தீர்ப்பு. ஓய்ந்து கிடக்கும் தோணியை வாங்க வேண்டாம். பதிவும் ஆய்வுச் சான்றும் நடப்பில் உள்ள, தண்டலும் ஆட்களும் சேர்ந்தே இருக்கிற, இப்போதும் மாலேவுக்கு ஓடிக்கொண்டிருக்கும் தோணியின் உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்து, பாய்மரம், பீடம், கயிறு, பாய் ஆகிய செலவை மட்டும் பகிர்ந்துகொள்ள வேண்டும். உடலின் பழுது அவர் பொறுப்பு, பாயின் மிச்சத்தில் பங்கு இருவருக்கும். இழந்து போயிருப்பது தோணி அல்ல, பாய் கட்டும் கைப்பழக்கம். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் 1938இல் தமிழ்க் கடலோடிகளின் கையால் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பழக்கம் எந்திரம் வந்த பின் ஒரு தலைமுறையில் மறைந்து வருகிறது. பாய் ஓட்டத் தெரிந்த மூத்த தண்டல்களை முதல் பருவம் முழுவதும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளாவிட்டால் எவ்வளவு நல்ல பாயும் சுருட்டியபடியே கிடக்கும்.

பழைய தோணியைச் செப்பனிடுவது ஒரே நிலையில் பொருத்தம்: முதுகு வளைவு 5 சென்டிமீட்டருக்குள், வங்குகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மாற்ற வேண்டியதில்லை, மரபைக் காக்கத் தனிப்பணம் வருகிறது, சரக்கு வருமானத்தை நம்பிக் கடன் வாங்கவில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் மனமாரச் செய்யுங்கள். தோணி கட்டும் ஓர் ஓடாவியின் கைவேலை இன்னும் முப்பது ஆண்டு கடலில் நிற்கும்.

முதல் பருவத்துக்கு மூன்று நடை போதும். டிசம்பரில் ராகி, ஜனவரியில் சாமை, மார்ச்சில் புளி. மூன்றிலும் அடியில் கருங்கல். தானியத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூட்டை எதுவும் பக்கப்பலகையைத் தொடக்கூடாது. இரவில் குளிரும் பலகையில் சரக்கறைக் காற்றின் ஈரம் வியர்வையாகப் படிந்து, தொட்ட மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருக்கும் பகலில் மட்டும் வாயைத் திறக்கலாம். ஒவ்வொரு நடைக்கும் லாரி டீசல், தோணி டீசல், பாய் விரித்த மணி, காற்றின் வேகம், கெட்ட மூட்டை ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுத வேண்டும். மூன்று நடையின் சராசரியில் போக வரச் சேர்ந்து 1,000 லிட்டர் கூட மிச்சமாகவில்லையென்றால் பாய்ச்செலவை அங்கேயே நிறுத்திவிட்டு, உப்பு லாரி ஏற்பாட்டை மட்டும் தொடரலாம்.